பழைய இரும்பும் ஒரு சரக்குதான்!

"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!" என்று கூவிக்கொண்டு தெருவில் வந்த வண்டிக்காரரை நம்மில் பலர் மறந்திருக்க முடியாது. உடைந்த வாளியையும் ஓட்டை விழுந்த குண்டானையும் தூக்கிக் கொடுத்துவிட்டு, ஒரு பொட்டலம் பேரீச்சம்பழத்தை வாங்கிக்கொண்டு ஓடிய காலம் அது. அந்த வியாபாரத்தில் எடை கேட்டவரும் இல்லை, விலை கேட்டவரும் இல்லை.

சிறுபிள்ளைகள் அப்படிச் செய்ததில் தவறில்லை. ஆனால் ஒரு மூட்டைச் சரக்கில் கால் கிலோ குறைந்தாலும் மொத்த வியாபாரியை விடாமல் கேட்கிற நாம், நம் கடையிலும் கிடங்கிலும் சேரும் பழைய உலோகத்தை விற்கும்போது மட்டும் இன்றைக்கும் பேரீச்சம்பழக் கணக்குதான் பார்க்கிறோம். "எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போ, ஏதோ பார்த்துக் கொடு" என்று சொல்லி விடுகிறோம்.

இதை ஊருக்கு உபதேசமாக நாம் சொல்லவில்லை. நாமும் பட்டவர்கள்தான். ஒருமுறை கிடங்கில் மின்விசிறிகளை மாற்றியபோது, கழற்றிய பத்துப் பதினைந்து பழைய விசிறிகளை இரும்பு விலைக்கே கொத்தாகக் கொடுத்துவிட்டோம். விசிறியின் வயிற்றில் செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது, மேல்மூடி அலுமினியம் என்பதெல்லாம் நமக்குத் தெரியாததல்ல. கூடத்தில் இடத்தை அடைக்கிறதே என்ற அவசரம்தான் காரணம். வாங்கியவர் நம்மை ஏமாற்றவில்லை. நாம் கேட்காததை அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே பழைய உலோகக் கடை என்பது எப்படி நடக்கிறது, அங்கே விலை எப்படி அமைகிறது, வணிகர்களாகிய நாம் எதை எப்படி விற்க வேண்டும், எதை விற்கவே கூடாது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

கைமாறும் வழி

காயலான் கடை என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் கடை, ஒரு நீண்ட சங்கிலியின் இரண்டாவது கண்ணி. முதல் கண்ணி சைக்கிளிலும் தள்ளுவண்டியிலும் வீடு வீடாக வாங்குபவர். அவர் மாலையில் சில்லறைக் காயலான் கடையில் இறக்குகிறார். சில்லறைக் கடை ஒரு லோடு சேர்ந்ததும் மொத்த யார்டுக்கு அனுப்புகிறது. யார்டில் சரக்கு இனவாரியாகப் பிரிக்கப்படுகிறது. பெரிய துண்டுகள் காஸ் கட்டிங் முறையில் வெட்டப்படுகின்றன. மெல்லிய தகரங்கள் இயந்திரத்தில் அழுத்தப்பட்டுக் கட்டுகளாகின்றன. அங்கிருந்து இரும்பு உருக்காலைக்கும், வார்ப்பிரும்பு கோவை போன்ற ஊர்களின் வார்ப்படச் சாலைகளுக்கும், செம்பு, பித்தளை, அலுமினியம் அந்தந்த உலைகளுக்கும் போய்ச் சேருகின்றன.

இந்தத் தொழிலில் நமக்குப் புதுமையாகத் தோன்றும் ஒன்று உண்டு. நம் வியாபாரத்தில் மொத்த வியாபாரி சில்லறைக் கடைக்குச் சரக்கைக் கடனாகக் கொடுப்பார். இங்கே கடன் சரக்காக வராமல் பணமாக வருகிறது. யார்டு முதலாளி சில்லறைக் கடைக்கு முன்பணம் கொடுப்பார். சில்லறைக் கடைக்காரர் காலையில் வண்டிக்காரருக்குப் பணம் கொடுத்து அனுப்புவார். முன்பணம் வாங்கியவர் சரக்கை வேறு இடத்தில் போட முடியாது. ஆகவே உங்கள் தெருமுனைக் கடை சொல்லும் விலை அவருடைய விருப்பத்தால் மட்டும் அமைவதல்ல. மேலே உள்ளவர் அன்று சொன்ன விலையில், கூலி, வண்டி வாடகை, கழிவு, தன் லாபம் இவற்றைக் கழித்துத்தான் அவர் பேசுகிறார். அதிகச் சரக்கு வைத்திருப்பவர்கள் ஒரு கண்ணியைத் தாண்டி நேரே யார்டுக்குப் போனால் கூடுதல் விலை கிடைப்பது இதனால்தான். ஐம்பது கிலோ சரக்குக்கு அது கட்டாது, வண்டி வாடகையே விழுங்கிவிடும்.

விலை ஏறுவதும் இறங்குவதும்

செம்பு, அலுமினியம், ஈயம், துத்தநாகம் போன்றவற்றுக்கு 1877-ல் தொடங்கப்பட்ட லண்டன் உலோகச் சந்தையின் விலையை உலகமே பார்க்கிறது. அங்கே ஏறினால், டாலர் மதிப்பையும் சேர்த்து, நம் ஊர் யார்டிலும் ஏறும். இரும்பின் கதை வேறு. அது பக்கத்து உருக்காலைகளின் தேவை, கட்டுமானக் கம்பியின் விற்பனை, இறக்குமதிச் சரக்கின் வரத்து இவற்றைப் பொறுத்தது. ஒரே வாரத்தில் செம்பு ஏறி இரும்பு இறங்கியிருப்பதைக் கண்டு "ஏமாற்றுகிறார்கள்" என்று முடிவு கட்ட வேண்டாம்.

ஒரே இரும்புக்கே ஏன் பல விலை என்றும் நம்மவர்கள் கேட்பதுண்டு. கனமான இரும்பு உலையில் குறைந்த சேதாரத்துடன் உருகும். மெல்லிய தகரமும் கடைசல் சுருளும் துருப்பிடித்து, உருகும்போது எரிந்து கசடாகப் போவது அதிகம். ஒரு லாரியில் கனமான இரும்பு ஏறும் எடையில் சிறு பங்குதான் தகரம் ஏறும், வாடகையோ ஒன்றே. அதனால்தான் எண்ணெய் டின்னுக்கு ஒரு விலை, ஆங்கிள் இரும்புக்கு ஒரு விலை.

பிரித்தால் எவ்வளவு, கொத்தாக விற்றால் எவ்வளவு?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். கீழே வைத்துள்ள விலைகள் கணக்கைப் புரிந்துகொள்ள மட்டுமே, சந்தை விலை அல்ல. அன்றைய விலையை அன்றுதான் விசாரிக்க வேண்டும்.

கிடங்கைக் காலி செய்ததில் 250 கிலோ பழைய உலோகம் சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். அதில் இரும்பு 200 கிலோ, அலுமினியம் 25 கிலோ, பித்தளை 15 கிலோ, செம்பு 10 கிலோ. இரும்பு கிலோ 30 ரூபாய், அலுமினியம் 150, பித்தளை 400, செம்பு 700 என்று கொள்வோம்.

இரும்பு: ரூ. 6,000
அலுமினியம்: ரூ. 3,750
பித்தளை: ரூ. 6,000
செம்பு: ரூ. 7,000
மொத்தம்: ரூ. 22,750

இதையே "கலப்புச் சரக்கு" என்று இரும்பு விலைக்கு மேல் பத்து ரூபாய் கூட்டி, கிலோ 40 ரூபாய்க்குக் கொடுத்தால் கைக்கு வருவது ரூ. 10,000. பத்து ரூபாய் கூட்டித் தந்தாரே என்ற மகிழ்ச்சியில் ரூ. 12,750-ஐ விட்டுவிட்டு வருகிறோம். எடையில் பத்தில் ஒரு பங்குதான் செம்பும் பித்தளையும், மதிப்பில் பாதிக்கு மேல் அவைதான். பிரிக்க ஒரு ஆளுக்கு அரை நாள் கூலி போதும்.

இனம் பிரிப்பது எப்படி?

ஒரு காந்தம், ஓர் அரம், இரண்டும் போதும். காந்தம் ஒட்டினால் இரும்பு. பித்தளை போல மின்னும் கைப்பிடியில் காந்தம் ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. ஒட்டாவிட்டால் அரத்தால் ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள். சிவந்தால் செம்பு, மஞ்சளானால் பித்தளை, வெண்மையாய் எடை குறைவாய் இருந்தால் அலுமினியம். வெண்மையாய் இருந்து கை கனத்தால் துத்தநாகக் கலப்பாக இருக்கலாம். அலுமினியத்தைப்போல அதன் எடை ஏறக்குறைய இரண்டரை மடங்கு. நல்ல ரக எவர்சில்வரில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது, மட்ட ரகங்கள் சிலவற்றில் ஒட்டும். இரண்டுக்கும் விலை வித்தியாசம் உண்டு.

அலுமினியச் சட்டத்தில் இரும்புத் திருகுகள் இருந்தால் கழற்றிவிடுங்கள். ஒரு கைப்பிடி திருகுக்காக மொத்தச் சட்டமும் கீழ்த்தரத்தில் போய்விடும். அதுபோலவே மோட்டாரையும் விசிறியையும் இரும்போடு போடக் கூடாது. உங்களுக்கும் நட்டம், உருக்காலைக்கும் தொல்லை. உருக்கில் செம்பு கலந்தால் சூட்டில் தகடாக்கும்போது விரிசல் விடும்.

மின்கம்பிகளை விற்கும்போது ஒரு சோதனை செய்யுங்கள். சரியாக 100 கிராம் வயரை வெட்டி, மேலுறையை உரித்து, உள்ளே இருக்கும் செம்பை மட்டும் நிறுங்கள். 55 கிராம் இருந்தால் நூற்றுக்கு 55 பங்கு செம்பு. செம்பு விலையில் அந்தப் பங்கை வைத்து, உரிக்கும் கூலியைக் கழித்தால் வயருக்கு நியாயமான விலை தெரிந்துவிடும். எக்காரணம் கொண்டும் வயரை எரித்துச் செம்பு எடுக்க வேண்டாம். அந்தப் புகை நச்சுப்புகை. எரித்த செம்பு கறுத்துத் தரமும் குறையும்.

எடையில் கவனம்

கடையிலிருந்து புறப்படும் முன் நம் தராசில் ஒருமுறை நிறுத்து எழுதிவைத்துக்கொள்வது முதல் பாதுகாப்பு. எடையளவுச் சட்டப்படி மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும், எடைக்கற்களுக்கும் கைத்தராசுக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் முத்திரை இட வேண்டும் என்பது நமக்குத் தெரிந்ததே. நம் கடைக்கு உள்ள விதிதான் காயலான் கடைக்கும். முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது தவறாகாது.

லாரியில் அனுப்பினால் வெறும் வண்டியையும் லோடு வண்டியையும் ஒரே எடைமேடையில் நிறுங்கள். வெறும் வண்டி நிறுக்கும்போது ஆட்கள் ஏறி நின்று, லோடோடு நிறுக்கும்போது இறங்கிக்கொண்டால், ஆள் எடை முழுதும் உங்கள் சரக்கில் குறையும். இரண்டு சீட்டுகளையும் வாங்கி வையுங்கள்.

செம்பு, பித்தளையை எடைமேடையில் நிறுக்கவே கூடாது. எடைமேடைகள் பெரும்பாலும் பத்துக் கிலோ, இருபது கிலோ என்ற கணக்கில்தான் காட்டும். இரும்பில் ஐந்து கிலோ வித்தியாசம் என்றால், நம் கணக்கு விலையில், ரூ. 150. செம்பில் அதே ஐந்து கிலோ ரூ. 3,500. விலை உயர்ந்த சரக்கைச் சிறு தராசில் கண்ணெதிரே நிறுங்கள்.

மண், துரு, சிமெண்ட், மரம், ரப்பர் இவற்றுக்காகக் கழிவு பேசுவது இத்தொழிலின் வழக்கம். கழிவு எவ்வளவு என்பதை எடை போடும் முன்பே பேசிவிட வேண்டும். நிறுத்த பிறகு பேசும் கழிவில்தான் சண்டை வருகிறது.

உலோக விலைக்கு விற்கக் கூடாதவை

பழைய சரக்கெல்லாம் உலோக விலைக்கு உரியதல்ல. ஓடும் நிலையில் உள்ள மோட்டார், நல்ல ஷட்டர், ரேக்குகள், கல்லாப்பெட்டி முதலியன பழைய பொருளாகவே விலை போகும். தாத்தா காலத்துப் பித்தளைப் படியும் வெண்கலச் சருவமும் கிலோ கணக்கைவிட மேலான விலைக்குக் கேட்பாருண்டு. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிலை போன்ற கலைப்பொருள்களுக்கு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இருக்கிறது. அவற்றை விசாரிக்காமல் விற்கவோ உருக்கவோ கொடுத்துவிடக் கூடாது.

சட்டமும் உயிர்ப்பாதுகாப்பும் கருதித் தவிர்க்க வேண்டியவை வேறு சில:

1. இன்வெர்ட்டர், வண்டி பேட்டரிகள். 2022-ஆம் ஆண்டுப் பேட்டரிக் கழிவு விதிகளின்படி இவை பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் சேர வேண்டும். புதிய பேட்டரி வாங்கும் கடையில் பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்வதே எளிது. அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு விற்பது பெருங்குற்றம், பிள்ளைகள் நடமாடும் தெருவில் ஈய விஷத்தைக் கலப்பதாகும்.

2. கம்ப்யூட்டர், பில் போடும் இயந்திரம், பிரிண்டர் போன்றவை. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி இவற்றுக்கும் பதிவு பெற்ற நிறுவனங்களே உரியவை.

3. சமையல் காஸ் சிலிண்டர். அது எண்ணெய்க் கம்பெனியின் சொத்து. ஓட்டல்காரர்கள் கவனிக்கவும். மூடிய எந்தக் கலனும் உலையில் வெடிக்கும். உள்ளே சிறிது தண்ணீர் இருந்தாலே போதும், ஆவியாகி வெடித்துவிடும். காலி டிரம்களைத் திறந்து காட்டியே கொடுங்கள்.

4. குளிர்பதனப் பெட்டி, ஏ.சி. இவற்றின் வாயுவை வெறுமனே திறந்துவிடாமல் மெக்கானிக்கைக் கொண்டு முறைப்படி எடுக்கச் சொல்லுங்கள்.

5. பழைய வண்டிகள். 2021-ல் வந்த விதிகளின்படி பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்துச் சான்று வாங்கலாம். எப்படிக் கொடுத்தாலும் ஆர்.சி. புத்தகத்தை ரத்து செய்யாமல் விட்டால், அந்த எண்ணில் நடக்கும் வம்புக்கெல்லாம் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

இதெல்லாம் அதிகப்படியான அச்சம் என்று எண்ண வேண்டாம். 2010-ல் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் பயன்படாமல் கிடந்த ஒரு கருவி, பழைய பொருள்களோடு ஏலத்தில் போயிற்று. அதற்குள் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது. மாயாபுரி பழைய உலோகச் சந்தையில் அதைப் பிரித்தவர்களும் பக்கத்தில் இருந்தவர்களும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், ஒருவர் உயிரிழந்தார். 2004-ல் காஜியாபாத் அருகே ஓர் உருக்காலையில், இறக்குமதியான பழைய இரும்போடு வந்த வெடிகுண்டுகள் வெடித்துத் தொழிலாளர்கள் மாண்டனர். விற்றவருக்கு அது குப்பை. பிரித்தவருக்கு அது உயிர். என்னவென்று தெரியாத, கனமான, மூடிய பொருள் எதுவும் நம் கையிலிருந்து காயலான் கடைக்குப் போகக் கூடாது.

பில்லும் வரியும்

பழைய இரும்புக்குப் பில் எதற்கு என்ற எண்ணம் இனி உதவாது. ஜி.எஸ்.டி. பதிவுள்ள வணிகர் கடையின் பழைய உலோகத்தை விற்றால் அதுவும் விற்பனையே. உலோகக் கழிவுக்கு 18 சதவீத வரியுடன் பில் போட வேண்டும். உள்ளீட்டு வரி வரவு எடுத்த இயந்திரமோ தளவாடமோ ஆனால், விற்கும்போது கணக்கு சற்று வேறுபடும். தணிக்கையாளரிடம் கேட்டுவிடுங்கள்.

2024 அக்டோபர் 10 முதல் இரண்டு மாற்றங்கள் வந்துள்ளன. பதிவில்லாதவரிடமிருந்து பதிவுள்ள வியாபாரி உலோகக் கழிவு வாங்கினால், வாங்குபவரே வரியைக் கட்ட வேண்டும். பதிவுள்ள இருவருக்கிடையே ஒரு ஒப்பந்தத்தின் மதிப்பு இரண்டரை லட்சம் ரூபாயைத் தாண்டினால், வாங்குபவர் 2 சதவீதம் பிடித்தம் செய்து கட்ட வேண்டும். பிடித்த தொகை விற்றவர் கணக்கில் வரவாகும், அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பு. 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதற்கு 2017 ஏப்ரல் முதலே வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் சரக்கு போனால் இ-வே பில்லும் வேண்டும்.

வாங்குகிற சகோதரர்களுக்கு

பழைய உலோகக் கடை நடத்தும் சகோதரர்களும் வணிகர்களே. அவர்களுக்கும் ஒரு வார்த்தை. மின்வாரியக் கம்பி, ரயில்வே இரும்பு, சாக்கடை மூடி, கோயில் மணி இவற்றோடு யாராவது வந்தால், மலிவு என்று கை நீட்ட வேண்டாம். திருட்டுப் பொருளைத் தெரிந்து வாங்குவது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவின்படி குற்றம். ரயில்வே பொருளுக்கு 1966-ஆம் ஆண்டுச் சட்டமும், மின்கம்பிக்கு 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டமும் தனியே இருக்கின்றன. விற்க வருபவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை எண், சரக்கின் விவரம் இவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். நாளை விசாரணை என்று வந்தால் அந்த நோட்டுதான் உங்களுக்குச் சாட்சி. சிறுவர்கள் கொண்டுவருவதை வாங்கவே வேண்டாம்.

அதுபோல, விற்கப் போகும் நாமும் காயலான் கடைக்காரரிடம் நம் பில்லையோ, கடைப் பெயருள்ள ஒரு கடிதத்தையோ கொடுத்தால் அவருக்கு அது பெரிய பாதுகாப்பு. அடுத்த முறை விலையும் கூடும்.

இனி என்ன செய்யலாம்?

ஆயுத பூஜைக்கும் போகிக்கும் கடையைச் சுத்தம் செய்வது நம் வழக்கம். ஊரே அந்த வாரத்தில்தான் பழைய இரும்பைக் கொண்டு போகிறது. காயலான் கடையில் நின்று பிரித்து நிறுக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. கொத்து விலைக்கே கொடுத்துவிட்டு வருகிறோம்.

அதற்குப் பதில், கிடங்கின் ஒரு மூலையில் மூன்று டிரம்கள் வையுங்கள். ஒன்றில் இரும்பு, ஒன்றில் அலுமினியம், பூட்டுள்ள மூன்றாவதில் செம்பும் பித்தளையும். கழற்றுகிற பொருளைக் கழற்றிய அன்றே பிரித்துப் போடும்படி கடைப் பையன்களுக்குச் சொல்லிவையுங்கள். நிறைந்ததும் இரண்டு மூன்று இடங்களில் விலை விசாரித்து, கூட்டமில்லாத ஒரு நாளில் விற்று, பில் போட்டு, வரவில் எழுதுங்கள். தனியாக ஒரு லோடு சேராதவர்கள், ஒரே வீதியில் ஐந்தாறு கடைக்காரர்கள் சேர்ந்து யார்டுக்கு அனுப்பலாம். அவரவர் எடையை அவரவர் எழுதிவைத்துக்கொண்டால் மனத்தாங்கலுக்கு இடமில்லை.

அப்படிச் சேரும் பணம் பெரிய தொகையாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் பையன்களின் தீபாவளித் துணிக்காவது அது ஆகும். பேரீச்சம்பழத்துக்குக் கொடுத்தது போதும்.